கோடு போட்ட முகவரி

நான் பயந்தாங்கொள்ளி. அட்டைப்பூச்சிக்குப் பயப்படுவேன், இடிக்குப் பயப்படுவேன், பஸ் வளைவில் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் அண்ணனோடு சண்டை போட மட்டும் நான் ஒரு நாளும் பயந்ததில்லை. அந்தத் தைரியம்தான் என்னை இரண்டு நாள் உயிரோடு கொன்றது.

ராகலை டவுனில், போட்டோ கொப்பி அடித்து, கடிதம் டைப் பண்ணிக் கொடுக்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். அதனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொம்பியூட்டர் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். திருவிழாப் படங்களை வெளியூரில் இருக்கிற நம்மாட்கள் பார்க்க ஒரு வெப்சைட் வேண்டும் என்று கோவில் கமிட்டிக்காரர்கள் கேட்டதும் என்னிடம்தான். தோட்டத்துப் பெயரே இரண்டு சொல். அதோடு கோவில் என்பதையும் சேர்த்தால் மூன்று. இங்கிலீஷ் எழுத்தில் மூன்றையும் ஒட்டி எழுதுவதா, நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதா? அப்போது தீபாவளி லீவில் அண்ணன் வந்திருந்தான். கொழும்பில் ஹார்ட்வெயர் கடையில் வேலை. அண்ணியும் மகள் பாப்பாவும் என்னோடு லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார்கள்.

"சேர்த்தே எழுது," என்றான். "நம்மாளுங்க போன்ல வாயாலதான் சொல்லுவாங்க. எவனாச்சும் நடுவுல கோடு, நடுவுல கோடுன்னு சொல்லிக்கிட்டு இருப்பானா?"

"ஒட்டி வச்சா எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. பார்க்கவே சகிக்கல."

"அப்போ ரெண்டையும் வாங்கிடு. எதைப் போட்டாலும் ஒரே இடத்துக்கு வரட்டும்."

"ஒரு கோவிலுக்கு எதுக்கு ரெண்டு வாசல்?"

"கோவிலுக்குத்தான்டி ரெண்டு வாசல் வேணும். கூட்டம் வரும்ல!"

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "ஒரு கோட்டுக்குப் போயி இப்படி அடிச்சுக்கிறீங்களே, வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்?"

வெட்கமாவது! பள்ளிக்கூடக் கொப்பி அட்டையிலேயே பெயருக்கும் வகுப்புக்கும் நடுவில் கோடு இழுத்து எழுதியவள் நான். அண்ணன் கொழும்புக்கு பஸ் ஏறிய மறுநாள் கோடு போட்ட பெயரை மட்டும் வாங்கினேன். பாஸ்வேர்டைக் கமிட்டியில் இரண்டு பேருக்கும் சொல்லி வைத்தேன். அண்ணனிடம் "வாங்கிட்டேன், பாஸ்வேர்டு கமிட்டிக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் மறுபடி ஆரம்பிப்பான். திருவிழா வரட்டும், அழகாகச் செய்து காட்டி அவன் வாயை அடைக்கலாம் என்று இருந்தேன்.

திருவிழாவுக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மழை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது நின்று மூச்சு வாங்காத மழை. மூன்றாம் நாள் விடியும்போது லயத்துக்குப் பின்னால் மலையில் ஆள் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு. தேயிலைச் செடியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெரிய சத்தம் ஒன்று கேட்டது. எந்தப் பக்கம் என்று யாரும் நின்று பார்க்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அண்ணி முன்னால் ஓட, ஏன் எடுத்தேன் என்றே தெரியாமல் ஒரு கையில் இடியப்பத் தட்டோடு நான் பின்னால் ஓடினேன். மத்தியானத்துக்குள் எங்கள் டிவிஷன் சனம் முழுக்க ஸ்கூல் மண்டபத்தில் இருந்தது. எங்கள் ஆட்களில் யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் ரோடு இல்லை, கரண்டு இல்லை. ஸ்கூலுக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் போனில் அரை நிமிஷம் சிக்னல் வரும், போகும்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தங்கள் என்ன பாடுபடுவார்கள்! அப்போதுதான் எனக்கு வெப்சைட் ஞாபகம் வந்தது. இருக்கிறவர்களின் பெயரை அதில் போட்டுவிட்டால் ஒவ்வொருத்தரும் தாங்கிக்கு ஏறி நிற்க வேண்டாமே.

மண்டபப் படியில் ஏறி நின்று பெரட்டு எடுத்தேன். காலையில் வேலைக்கு வந்த ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குறிப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். எங்கள் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் பெரட்டு எடுப்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதே மாதிரி லயம் லயமாகக் கூப்பிட்டேன். "இருக்கேன்", "இருக்கோம்" என்று குரல் வர வர எழுதினேன். எங்கள் வீட்டு வரிசை வந்ததும் அண்ணி பாப்பாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். முந்நூறு பேருக்கு மேல். ட்ராக்டர் பெட்டரியில் போனை சார்ஜ் பண்ணி, தாங்கிக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பெயரையும் ஏற்றினேன். அன்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் அதே இடத்தில், மலேசியாவில் இருக்கிற மகனோடு ஒரு அக்கா கத்திப் பேசிக்கொண்டிருந்தார். வெப்சைட்டின் பெயரை மூச்சு விடாமல் ஒட்டிச் சொன்னார். "பாரு சாமி, எங்க பேரெல்லாம் இருக்கு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் இல்லவே இல்லைங்கிறானே?"

கோடு இல்லாமல் நானே அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கமே கிடையாது என்று வந்தது. நேற்றிலிருந்து எத்தனை பேர் போனில் இந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? ஒருத்தராவது கோட்டைச் சொல்லியிருப்பார்களா? அண்ணன் சொன்னபோது நக்கலடித்தேனே! படி இறங்கி ஓடி, "நடுவுல கோடு இருக்கு, கோட்டையும் சொல்லுங்க" என்று மண்டபம் முழுக்கக் கத்தினேன். கோடில்லாத பெயரையும் வாங்கிவிடலாம் என்று மறுபடி மேலே ஏறினேன். போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சிக்னல் போய்விட்டது.

அண்ணனுக்கு அடித்தேன். போன் ஓஃப். அவன் வேலை பார்க்கிற கடைக்கு அடித்தேன். கூட வேலை செய்கிறவர் எடுத்தார்.

"அவரு நேத்தே கிளம்பிட்டாரேம்மா. போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. திடீர்னு எந்திரிச்சு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ரோடு இல்ல, போகாதீங்கன்னு எவ்வளவோ சொன்னோம்."

கோடு இல்லாமல் தேடியிருக்கிறான். ஒன்றும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் மண்ணுக்குள் என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். எந்தப் பக்கமாக வருவான்? கண்டியிலிருந்து இறம்பொடை வழியாகத்தான் வருவான். இறம்பொடைப் பக்கம் ரோட்டையே காணோம் என்று அன்று காலையில்தான் யாரோ சொன்னார்கள். ஒரு வேன் புதைந்துவிட்டதாம் என்றார் இன்னொருத்தர். இல்லை பஸ்ஸாம் என்றார் அடுத்தவர். ஒவ்வொரு 'ஆமாம்', 'இல்லையாம்'க்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது.

அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பருப்பை ஊற்றி நீட்டிய தட்டை அப்படியே வைத்திருந்தேன். மலையில் கல் உருளுகிற சத்தம் எங்கே கேட்டாலும் அது அண்ணன் தலையில் விழுகிற மாதிரி இருந்தது. அப்பா செத்தபோது என்னைத் தோளில் சாய்த்து வைத்திருந்தவன் அவன். அவனை என் வீம்பு கொன்றுவிட்டதே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். கடைசியில் அடக்க முடியாமல் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோடு போட்டதை, சொல்லாமல் மறைத்ததை, அவன் கிளம்பிவிட்டதை.

அண்ணி பாப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த மனுசன் வந்து சேரட்டும்," என்றார் பிறகு. "அப்புறம் இருக்கு உனக்கு." என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைய பகல் போனது. மறுநாள் காலையும் போனது. தாங்கிக்கு ஏறுவதும், அவன் போன் ஓஃப் என்று கேட்பதும், இறங்குவதுமாக இருந்தேன். சாமியிடம் வேண்டக்கூட வாய் வரவில்லை. அந்தச் சாமியின் கோவில் பெயரில்தானே கோட்டைப் போட்டேன்.

மத்தியானச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம். "யாரோ வர்றாங்க, யாரோ வர்றாங்க!" கீழ்ப்பக்கத் தேயிலைக்குள்ளிருந்து ஒரு ஆள் ஏறி வந்தான். முழங்கால் வரை சேறு, ஒரு கால்சட்டைக் கால் கிழிந்து தொங்கியது. முகத்தைப் பார்த்துத்தான் அண்ணன் என்று தெரிந்தது. பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணி நின்ற இடத்திலேயே அழுதார். அவன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டான், அண்ணியின் தோளைத் தொட்டான். ஆனால் கண் மட்டும் மண்டபத்தைத் துழாவிக்கொண்டே இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டதும் நேரே வந்தான்.

அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கடி உன் பேரு?" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, கோடு போட்டதை நான் சொல்லல, அதனாலதான்..."

"கோடு கெடக்கட்டும்! ஒட்டிப் போட்டேன், வரல. நீ என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்க? கோடு போட்டுத்தான் வச்சிருப்பேன்னு கோடு போட்டுப் பார்த்தேன். உடனே வந்துச்சு. அவ பேரு இருக்கு, பாப்பா பேரு இருக்கு. உன் பேரு இல்ல. மேலயும் கீழயும் எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா?" குரல் உடைந்துவிட்டது. "பாஸ்வேர்டு கமிட்டிக்காரங்களுக்கும் தெரியுமே. அவங்கதான் லிஸ்ட்டைப் போட்டிருக்காங்க, நீ இல்லன்னு நினைச்சேன்."

பெரட்டு எடுக்கிறவர் தன் பெயரைக் கூப்பிடமாட்டார். அப்பாவும் கூப்பிட்டதில்லை. முந்நூறு பேரைப் படியில் நின்று கூப்பிட்டு எழுதியவள், என்னைக் கூப்பிடவில்லை. அண்ணிக்கும் தோன்றவில்லை, மண்டபத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சரிந்த மலையெல்லாம் ஏறி அவன் வந்தது எனக்காக.

நான் ஓவென்று அழுதேன். அவன் என் தலையில் ஒன்று போட்டான், வலிக்கவில்லை. "அழுதது போதும், மொதல்ல பேரைப் போடு," என்றான்.

சோறு தின்னாமல், காலைக்கூடக் கழுவாமல் என் பின்னால் தாங்கிவரை ஏறி வந்தான். அண்ணியின் பெயருக்குக் கீழே என் பெயரை அடித்தேன். சிக்னல் வரும்வரை இரண்டு பேரும் மழையில் நின்றோம். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, விரலால் கீழே தள்ளித் தள்ளி, எங்கள் வீட்டு வரிசையில் மூன்று பெயர் இருப்பதைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் காலில் பிடித்திருந்த அட்டைகளைப் பிய்த்துப் போட உட்கார்ந்தான்.