பெட்டி தேவைப்படாத வீடு

ஓசூர் சிப்காட்டில் செட்டாப் பாக்ஸ் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தேன். ஒவ்வொரு பெட்டியையும் டிவியில் மாட்டி, படமும் சத்தமும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். சொந்த ஊர் மத்தூர். ஓசூரில், கூட வேலை செய்த ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

செல்போன் பாகம் செய்யும் கம்பெனி ஒன்று புதிதாக ஆள் எடுத்தபோது அவள் அங்கே மாறிவிட்டாள். எனக்கும் சொல்லி வைத்திருந்தாள். போகலாமா என்று எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். லைனில் யாராவது மயங்கி விழுந்தால் தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற மனிதர்.

"எங்கயும் போகாதம்மா. டிவி இல்லாத வீடு உண்டா? டிவி இருக்க வரைக்கும் நம்ம பெட்டியும் இருக்கும்லா" என்றார்.

நம்பினேன். தோழிக்குக் கோபம், பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அவர் புது வீட்டில் பால் காய்ச்சினார். லைன் ஆட்கள் சேர்ந்து ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு போனோம். ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு டிவி. வேலைப் பழக்கத்தில் பெட்டி எங்கே என்று தேடினேன். கேபிள் ஒயர்கூட இல்லை. அவர் மனைவியிடம் கேட்டேன்.

"பழைய வீட்லயே எடுத்தாச்சும்மா. எல்லாம் நெட்ல வருது, பெட்டி எதுக்குன்னு இவங்கதான் எடுக்கச் சொன்னாங்க."

பின்னாலேயே நின்றிருந்தார் அவர். கேசரி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார், என் தட்டை மட்டும் பார்த்து.

அதற்குப்பின் ஆர்டர் சுருங்கியது. இரண்டு ஷிப்ட் ஒன்றானது. கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள், என்னையும் சேர்த்து. அவருக்கு பெங்களூரில் வேறு வேலை தயாராக இருந்தது. கடைசி நாள், கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு அப்பவே தெரியும்தான சார்?"

பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாரும் போயிட்டா லைனை யாரை வச்சு ஓட்டுவேன்? கையில இருந்த ஆர்டரை முடிக்கணும்லா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பொய்யே சொல்லியிருக்கலாம்.

தோழியின் கம்பெனியில் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் இருக்கிறேன். சீசன் முடிந்தால் வேலையும் முடியும். பொங்கல், தீபாவளிக்கு சூப்பர்வைசரிடமிருந்து போனில் வாழ்த்து வருகிறது. திறந்து பார்ப்பேன். இதுவரை பதில் போட்டதில்லை.