குடிபாலா பால்வாடியும் என் முதல் வேலையும்

மாம்பழக் கூழ் கம்பெனிகள் ஓடுகிற மாதங்களில், சித்தூரிலிருந்து குடிபாலா போகும் ரோடு முழுக்க ஒரு புளித்த இனிப்பு வாசனை அடிக்கும். பஸ் ஜன்னலை மூடினாலும் போகாது. திருப்பதியில் என் ரூமுக்குத் திரும்பித் தலைக்குக் குளித்த பிறகும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருப்பதியில் எம்.ஏ. சோஷியல் வொர்க் முடித்த கையோடு, அங்கேயே ஆபீஸ் வைத்திருந்த ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சித்தூரில் எங்கள் சர்ச்சில் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். நைனாவோ, "எம் பொண்ணு பாரின் கம்பெனில கீறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் முதல் பொறுப்பு குடிபாலா பக்கத்தில் ஒரு பால்வாடி. கூழ் கம்பெனிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். ஆள் தேடிக்கொண்டிருந்தபோது குப்பம்மா அக்கா தானாகவே வந்தார். முந்தைய சீசனில் அவர் ஷிப்டில் இருந்த நேரத்தில்தான் அவருடைய ஒரே மகள் கழனிக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். ஓடியாடத் தொடங்கிய வயசு. புருஷன் அதற்கு முன்பே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"கம்பெனிக்கு இனிமே போவ மாட்டேன் மேடம். இந்தப் புள்ளைங்கள நா பாத்துக்கறேன். ஒன்னுகூட வெளிய போவாது" என்றார்.

போகவும் இல்லை. வாசலை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். பருப்புச் சோற்றை உருட்டி உருட்டி, "துன்னுடா என் ராஜா" என்று ஊட்டுவார். தெலுங்கு வீட்டுப் பிள்ளையைத் தெலுங்கில் கொஞ்சுவார். சில மாதங்களில் நான் மேடத்திலிருந்து பாப்பா ஆனேன். அவர் பிள்ளைகளுக்கெல்லாம் பெரிம்மா ஆனார். முதல்முறை ஒரு பிள்ளை அப்படிக் கூப்பிட்டபோது, அக்கா எழுந்து பின்பக்கம் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்...

அப்புறம் ஒரு நாள் ஹெலன் வந்தார். எங்கள் திட்டத்தின் தலைவர். நல்ல மனுஷி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். இந்தியாவில் எகானமி திறந்துவிட்டதாம். கம்பெனிகள் வருகின்றனவாம். இனி இங்கே தேவை குறைவு என்று தலைமை அலுவலகம் நினைக்கிறதாம். திட்டம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது, மலாவி நாட்டுக்கு. "நீயும் எங்களோடு வா. உன் கேரியர் இனிமேல்தான் தொடங்குகிறது" என்றார்.

நைனாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். "நம்ம வம்சத்துலயே ஏரோப்ளேன் ஏறப்போற மொத ஆளு நீதாம்மா."

குப்பம்மா அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"மூடிட்டா இதுங்கள எங்க உடுவாளுங்க பாப்பா?"

"தெரியலக்கா..."

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார். "நீ போய்க்கினு இரு. படிச்ச படிப்புக்கு நீ போயித்தான் ஆவணும். நா ஊட்டுலயே வச்சிக்கினு பாக்கறேன்."

அப்படித்தான் பார்த்தாராம். தாய்மார்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுத்தார்களாம். மழைக்காலம் வந்ததும் வீடு ஒழுகியது, கம்பெனி சீசன் முடிந்து அரிசியும் நின்றது. முதல் லீவில் நான் மலாவியிலிருந்து வந்தபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. "குவைத்து போயிட்டா. ஏஜென்ட் இட்டுக்கினு போயிட்டான். அங்க யாரோ ஊட்டுல கொழந்த பாத்துக்கற வேலையாம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். என்னை ஏற்றிவிட்ட அதே சென்னை ஏர்போர்ட்டிலிருந்துதான் அவரும் போயிருக்கிறார்.

அதற்கப்புறம் எனக்கு நாடு மாறி நாடு, வேலை மாறி வேலை. லீவில் சித்தூருக்கு வந்தாலும் நாலு நாளில் திரும்பிவிடுவேன். இந்த வருஷம்தான், அக்கா ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, குடிபாலாவுக்குப் போனேன்.

இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் கன்னத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். குவைத் கதையை அவராகவே சொன்னார். இத்தனை வருஷமும் அங்கே வீடு மாறி வீடு வேலை; முதல் வீட்டில், பிறந்த அன்றிலிருந்தே ஒரு பையனை வளர்த்திருக்கிறார். பேச ஆரம்பித்தபோது அவரைத்தான் முதலில் அம்மா என்றானாம், தமிழில். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், இனி ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"அவன் தூங்கிக்கினு இருந்தான் பாப்பா. எழுப்பி ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்னேன். வேணாம், அழுவான்னு சொல்லிட்டாங்க."

"பேரு சொல்லுக்கா, இப்பல்லாம் போன்லயே தேடலாம்" என்றேன்.

"வேணாம். அவன் பெரிய ஆளாயிருப்பான். நாபகம் இருக்காது. எதுக்கு..."

பிறகு அவரே கேட்டார்.

"நீ போன ஊர்லயும் பால்வாடி தெறந்தீங்களா?"

"தெறந்தோம் அக்கா."

"அது இன்னும் கீதா?"

"இல்லக்கா. அதையும் மூடிட்டாங்க. அப்புறம் வேற நாடு..."

"அந்தப் புள்ளைங்க பேராச்சும் நாபகம் வச்சிக்கினு இருக்கியா?"

யோசித்துச் சொன்னேன். சிக்கோண்டி, தாண்டிவே... அதற்கு மேல் வரவில்லை. அக்கா மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சிக்கோண்டி... நல்லா கீது பேரு. அதுக்குக் கொழந்த குட்டிலாம் ஆயிருக்கும் இல்ல இந்நேரம்?"

இப்போது இந்த வேலைக்கு வருகிற இளம் பெண்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கிறேன், ஆன்லைனில். திட்டம் தொடங்கும்போதே அதை எப்படி முடிப்பது என்று எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். எக்ஸிட் பிளான் என்று பெயர். நன்றாகவே எழுதுகிறார்கள்.

எங்கள் காலத்தில் அந்த வார்த்தையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு இடத்தைத் திறந்தால் அது திறந்தே இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்...