மருதாணி நகமும் தொங்கு காதும்

எழுபதுகளின் இறுதியில், தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மாவின் வலது நுரையீரலில் கட்டி இருப்பதாகத் தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மலையிறங்கி, பெரிய மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து அதை எடுக்க வேண்டும்.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அதிகம் படித்தவள். அந்தப் பெருமைக்குப் பங்கம் வராமல் தடித்த மருத்துவ நூல் ஒன்றை இரவல் வாங்கி, அண்டை வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்து விளக்கினேன். கத்தி படும் நுரையீரலைக் காற்றில்லாமல் சுருங்க விடுவார்கள். மற்றொன்று மட்டுமே மூச்சு வாங்கும். இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிடாமல் கண்காணிப்பார்கள்.

"நம்ம மலை மாதிரிதான்லா," என்றார் அம்மா. "ஒருத்தி ஒடம்பு முடியலன்னு எம்சி லீவு எடுத்துட்டா இன்னொருத்தி ரெண்டு நெரையும் பறிக்கணும். கங்காணி கூடைய மட்டும்தான் பாப்பான்."

என் ஒரு மணி நேர உரை அத்துடன் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு இறங்குபவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது லயத்துச் சட்டம். பெண்கள் மருதாணி அரைத்து வந்து அம்மாவின் கைவிரல்களைச் சிவக்க வைத்தார்கள். கால் விரல்கள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று அவற்றுக்கு நானே இட்டேன்.

அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார்.

"யாரு இந்த வேல பாத்தது?"

"கால் மட்டும் நான், டாக்டர்."

"ஒரு நுரையீரல மூடுனா ஆக்சிஜன் கொறையும். கொறஞ்சா நகம் நீலமாகும். அதப் பாத்துத்தான் நான் சுதாரிக்கணும். நீங்க இருவது நகத்தையும் பூசி அனுப்பியிருக்கீங்க."

நர்ஸ் ஸ்பிரிட் வைத்துத் தேய்த்தார். சிவப்பு போகவில்லை; நகங்கள் இன்னும் பளபளத்தன. நகம் நீலமாவதைப் பற்றிய பக்கத்தை நானும் படித்திருந்தேன். இரவல் புத்தகம் என்றும் பாராமல் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

"நகம் வளர்ற வரைக்கும் கட்டி சும்மா இருக்குமா, டாக்டரம்மா? செஞ்சிருங்க," என்றார் அம்மா.

டாக்டரம்மாவின் பார்வை அம்மாவின் காதில் நின்றது. தண்டட்டியைக் கழற்றியிருந்ததால் நீண்ட மடல் வெறுமையாகத் தொங்கியது. பள்ளி விழாக்களில் என் பக்கத்தில் அது ஆடுவது எனக்கு அவமானமாக இருந்தது. தைத்துக்கொள்ளச் சொல்லி ஆண்டுக்கணக்கில் அம்மாவை அரித்திருக்கிறேன்.

மதியம் கடந்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கட்டிய எடுத்தாச்சு. நடுவுல ஆக்சிஜன் ரொம்பக் கொறஞ்சிருச்சு. காதுக்குப் பின்னால டார்ச் புடிச்சிக்கிட்டே இருந்தேன். வெளிச்சத்துல மடல்ல தெரிஞ்ச செவப்பு போயி கருநீலமாச்சு. உடனே நிறுத்தச் சொல்லி, மூடுன நுரையீரலுக்கும் காத்து குடுத்தோம். காது செவந்த பொறவுதான் மறுபடியும் தொட்டோம். இவ்வளவு வசதியான காத நான் பாத்ததே இல்ல."

சில நாட்கள் கழித்து, அம்மா உட்காரத் தொடங்கியதும் தண்டட்டியைக் கேட்டார். நானே மாட்டிவிட்டேன்.

"காது தைக்க ரிங்லெட் டவுன்ல யாரோ டாக்டர் இருக்காருன்னியே?"

"அவரு மாத்தலாயிப் போயிட்டாரும்மா."

சிரித்தால் தையல் வலிக்கும். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டார். தண்டட்டி மட்டும் ஆடியது.