ஈரக் கார்பன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது கீரப்பாளையத்தில் நடந்தது. அறுபத்தாறாம் வருஷம், ஆனி மாசம், வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்?

சிதம்பரத்து மெக்கானிக் ஜமாலுதீனைத் தன் டிராக்டர் கொட்டகைக்குக் கூட்டிவந்தார் கலியமூர்த்தி. பேட்டரியில் சார்ஜே ஏறவில்லை. டிரைவர் கொளஞ்சியை ஐந்து நாளாகக் காணோம்.

“நல்ல டைனமோவ வித்துட்டு, ஓட்டைய மாட்டிட்டு ஓடிட்டான் பாய். பாத்து ஒரு வரி எழுதிக் குடுங்க. போலீஸ்ல குடுக்கணும்.”

மோர் எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனார். மணி 12.05. ஜமாலுதீனுக்கு ஜும்மா தொழுகைக்குப் போகிற அவசரம். தான் கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். டைனமோ ஒயர்களைக் கழற்றிப் பல்பைக் கொடுத்தார். எஞ்சின் ஓடும்போது பல்பு எரிந்தால் டைனமோ நல்லது.

சீட்டில் யாரோ ஏறும் சத்தம். கலியமூர்த்திதான் திரும்பிவிட்டார் போல.

“ஸ்டார்ட் பண்ணுங்க!”

கிர்ர்ர்... எஞ்சின் பிடித்தது. பல்பு எரியவில்லை.

“திருட்டுப் பயதான் கொளஞ்சி,” என்று முணுமுணுத்தார்.

எஞ்சின் உறுமியது. அவர் சொல்லாமலே.

“போதும், நிறுத்துங்க!”

நிற்கவில்லை. 12.14. எட்டிப் பார்த்தார். பெடலில் ஒரு கால்... வெறுங்கால். சேறு சொட்டியது. கலியமூர்த்தி செருப்பில்லாமல் நடக்கமாட்டாரே!

டைனமோ அதிர்ந்தது. அப்பியிருந்த கிரீஸ் பொருக்கு உதிர்ந்தது. அடியில் மூன்று புள்ளி. போன வருஷம் ரிப்பேர் செய்தபோது அவர் கையாலேயே குத்திய அடையாளம்.

“அட... அதே டைனமோதான்! மாத்தவே இல்ல!”

எஞ்சின் நின்றது.

சீட்டில் ஆளில்லை.

ஒரே ஈரம். அதன்மேல் டைனமோவுக்குள் போடுகிற இரண்டு புதுக் கார்பன் கட்டைகள்.

கலியமூர்த்தி ஒரு கையில் மோரும் ஒரு கையில் டீசல் டின்னுமாக வந்தார். “இந்தாங்க பாய், இத ஊத்தி ஓட்டிப் பாருங்க.”

“இப்பத்தானே நீங்க ஓட்டுனீங்க?” மனுஷன் ஏதாவது நாடகம் ஆடுகிறாரோ என்று ஜமாலுதீனுக்குச் சந்தேகம்.

“நானா? எவனும் ஓட்டிக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு டீசல கொளஞ்சி ஓடுன அன்னைக்கே வடிச்சிட்டேனே!”

ஜமாலுதீன் டாங்கில் குச்சி விட்டார். காய்ந்தபடியே வந்தது. யா அல்லா!

டைனமோவைத் திறந்தார். உள்ளே கார்பன் தேய்ந்து போயிருந்தது, பழுது அவ்வளவுதான். சீட்டில் கிடந்த கட்டைகள் அளவெடுத்தது போல உட்கார்ந்தன. டீசல் ஊற்றி ஓட்டியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. ‘திருட்டு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜும்மா தவறியே போனது.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் மதகில் கொளஞ்சி கிடைத்தான். செத்து ஒரு வாரம் இருக்கும் என்றார்கள். சட்டைப் பையில் ஒரு டப்பா. கடலூர்க் கடைப் பேர் போட்டு, ‘டைனமோ கார்பன், 2’ என்று எழுதியிருந்தது. பாவம், அதை வாங்கத்தான் போயிருக்கிறான்.

டப்பா காலி.