மேனேஜர் கைப்பட எழுதியது

எங்கள் பம்பு கம்பெனி மேனேஜர் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். கைப்பட நாலு வரி எழுதி அனுப்பினால் யார் மனதையும் பிடித்துவிடலாம் என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஏஜெண்டுகள் வீட்டில் கல்யாணம், குழந்தை, சாவு எது நடந்தாலும் ஓர் அட்டை போகும். போகும் என்றுதான் சொல்கிறேன், அவர் எழுதினார் என்று சொல்லவில்லை. அவருடையது கோழிக்கிறுக்கல். எழுதியவன் என் எதிர்மேஜைக்காரன்.

அவனை நாங்கள் முத்தெழுத்து என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபது வருடமாகப் பார்சலுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இந்த அட்டைகள் வந்ததும் தலைகால் புரியவில்லை. நீல மை, தனிப் பேனா, யாரும் தொடக்கூடாது. முன்பின் தெரியாதவன் வீட்டுச் சாவுக்கு அவன் எழுதினால் கல்லும் கரையும். மேனேஜர் அடியில் ஒரு கிறுக்குக் கிறுக்குவார். "மனசுல இருந்து வரணும்பா" என்று எங்களுக்குப் புத்தி வேறு சொல்வார். வாட்ச்மேன் இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அந்த மனசு எங்கே போயிருந்ததோ!

முத்தெழுத்துக்கு ஒரே ஓர் அக்கா. வேறு ஊர். அவள் வீட்டுக்காரர்தான் அங்கே எங்கள் ஏஜெண்ட். அக்கா மகள் கல்யாணத்தில் இவன் வாய் நீண்டு, ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "ஒரு லெட்டர் போடணும்டா" என்று வாரம் தவறாமல் என்னிடம் சொல்வான். சொன்னதோடு சரி.

ஒரு திங்கட்கிழமை அட்டைப் பட்டியல் வந்தது. ஐந்தாவது வரியில் அக்கா வீட்டுக்காரரின் பெயர், பக்கத்தில் 'மறைவு'. அக்கா இவனுக்குச் சொல்லியனுப்பவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"எந்திரி, பஸ்ஸைப் பிடி" என்றேன்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"

"அப்ப உன் பேர்ல ஒரு லெட்டராவது போடு."

"இந்த அட்டையிலயே எழுதிடறேன்டா. என் கையெழுத்து அக்காவுக்குத் தெரியாதா? புரிஞ்சுக்குவா."

பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தான். அழுதுகொண்டேதான் எழுதினான், அதையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதில் மேனேஜர் பெயருக்கு வந்தது. அவருக்குப் படிக்க ஏது நேரம்? "நன்றின்னு போட்டிருப்பாங்க, பாத்து ஒரு பதில் எழுதிடுங்க" என்று இவன் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். பிரித்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

'ஐயா, உங்கள் அனுதாபத்துக்கு நன்றி. அதை எழுதியவன் என் தம்பி. அவன் பெயர் அதில் எங்கும் இல்லை. அவன் பெயரில் ஒரே ஒரு வரி வந்தால் போதும், பழசையெல்லாம் மறந்துவிடுவேன். அவனிடம் சொல்லுங்கள்.'

புது அட்டையை எடுத்தான். 'அக்கா' என்று எழுதினான். பேனா அதற்குமேல் நகரவில்லை. ஊரார் துக்கத்துக்கெல்லாம் உருகி உருகி எழுதிய கை!

"மன்னிச்சுக்கோன்னு மட்டும் எழுதுடா" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பேனாவைப் பிடுங்கி நானே எழுதியிருப்பேன். சாப்பாட்டு வேளை போயிற்று, டீ ஆறிப் போயிற்று. நாலரைக்குத் தபால் பையைக் கட்ட ஆள் வந்து நின்றார்.

அவன் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டான். இன்னொன்றை எடுத்து, 'அன்புள்ள அம்மையீர், தங்கள் கடிதம் கிடைத்தது' என்று தொடங்கி, கடகடவென்று பன்னிரண்டு வரி எழுதி, மேனேஜர் கையெழுத்துக்கு அனுப்பினான்.