அக்காவின் கோழிக்கு இடம் கொடாத வளவு

வெள்ளம் கொஞ்சம் வடிந்து பாதை ஓடத் தொடங்கிய அன்று அக்கா வந்து சேர்ந்தாள். ஒரு கையில் உடுப்புப் பை, மற்றக் கையில் ஒரு கோழி. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் அவளுடையது மண்சுவர் வீடு. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு பக்கம் கரைந்து போகும். கோடையில் அவளே மண் குழைத்து அந்தப் பக்கத்தை எழுப்பிவிடுவாள். இந்த முறை கூரையும் சரிந்துவிட்டது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதில் கோழியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம்.

"வேற ஒண்டும் தப்பல்லியா மச்சாள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தப்பினதுதான் கையில இரிக்கே" என்றாள் அக்கா.

அத்தான் போன பிறகு அக்கா தனியாள். பிள்ளைகளும் இல்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று நாங்கள் கூப்பிடாத வருசமில்லை. என்னைவிட என் மனைவிதான் கூடக் கூப்பிட்டாள். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். செட்டிபாளையத்தில் நாங்கள் இருக்கும் இந்த வீடும் வளவும் என் மனைவியின் சீதனம். கலியாணம் முடித்து இங்கே வந்து ஏறியவன் நான். வந்து ஏறியவனின் அக்காவுக்கு அங்கே என்ன உரித்து என்பது அவளுடைய கணக்கு. அந்த வெள்ளம் அவளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டபோது, கெட்டதிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது, இனி அவளைப் போக விடுவதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று குசுகுசுத்துக்கொண்டோம்.

அவளுடைய கோழி கழுத்தில் இறகில்லாத இனம். தலையில் ஒரு கொத்து, உடம்பில் போர்வை, நடுவில் செக்கச் செவேலென்று வெறும் கழுத்து. பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னகா, அரைவாசி உரிச்ச கோழியக் கொண்டு வந்திரிக்கா?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள். "உரிக்கிற வேல மிச்சம் மாமி" என்றாள். அந்த மனிசிக்குப் பதில் சொல்ல ஊரில் யாராலும் முடியாது. அக்கா வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

புதிதாக ஒரு கோழி வந்தால் அதன் காலில் துணியைக் கட்டி மரத்தோடு சேர்த்துவிடுவது நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை. வீடு பழகும் வரைக்கும் அது ஓடிப் போகக் கூடாது. அக்கா அதைவிடக் கவனமாகக் கட்டினாள். பழைய சாறி ஒன்றில் நாடாவாகக் கிழித்து, கசு மரத்தடியில், நாலு எட்டுக்கு மேல் போக முடியாதபடி கட்டினாள்.

"கொஞ்சம் நீட்டி விடுங்களன் மச்சாள்" என்றாள் மனைவி.

"வேணாம். அங்கால இஞ்சால போய்ச் சட்டி பானைக்குள்ள தலையப் போட்டா மறுகா ஆரு கதை கேக்கிற?"

யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வந்த இடத்தில் தான் எப்படி அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாளோ, அப்படியே தன் கோழியையும் இருக்க வைத்தாள்.

எங்கள் வீட்டில் அப்போது புள்ளிக்கோழிதான் எல்லாவற்றுக்கும் பெரியவள். மனைவி குறுணல் எறிந்தால் முதல் கொத்து அவளுடையது. மற்றவை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தின்னும். அவள் நடந்து போய்க் கட்டிக் கிடந்த கோழியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அந்தச் சிவந்த கழுத்தில் ஒரு கொத்து. அவிழ்ந்து நின்ற கோழியென்றால் அந்த ஒரு கொத்தோடு ஓடிப் போயிருக்கும். ஓடினால் புள்ளியும் விட்டிருப்பாள். இது ஓடி, நாடா இழுத்து, குப்புற விழுந்தது. விழுந்ததன் மேல் ஏறி நின்று கொத்தினாள். இரத்தம் கண்டதும் மற்றவையும் வந்துவிட்டன.

அக்கா ஓடிப் போய்த் தூக்கினாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினோம். சிவப்புத் தெரியாமல் இருக்க அக்கா அடுப்புக்கரியை அரைத்துக் கழுத்து முழுக்கத் தடவினாள். கரி பூசிய கோழியைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கோழிகளுக்கு வரவில்லை. அடுத்த நாளும் அதே கூத்து. கூட்டுக்குள் விட்டால் மூலையில் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கும். தீன் போட்டால் கிட்ட வராது. அக்கா தன் சோற்றில் ஒரு பிடியை ஒளித்துக் கொண்டுபோய் அதற்குக் கொடுப்பதை நான் கண்டேன். அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. தன் கோழி வந்த மனிசியின் கோழியை அடிக்கிறது என்பது, தானே கை நீட்டி அடித்தது போல அவளுக்கு. புள்ளியைக் கலைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், பேசாத பேச்செல்லாம் பேசினாள். "நீ என்ன பெரிய போடியாரா? ஊரெல்லாம் உன்ட வட்டையா?" என்று வயல்காரப் பெரிய மனிசரைக் கேட்பது போலக் கோழியைக் கேட்டாள்.

நிவாரணத்துக்குப் பதிய அக்கா தன் ஊருக்குப் போன ஒரு நாள், மனைவி என்னிடம் கத்தியைத் தந்தாள்.

"அது முட்டையிடுற கோழி" என்றேன்.

"முட்டைய வாங்கலாம். மச்சாள வாங்கேலுமா?"

அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

மத்தியானம் அக்கா திரும்பி வந்தபோது வளவெல்லாம் கறி மணம். மனைவி பெரிய துண்டுகளாகப் பார்த்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

"இண்டைக்கு என்ன விசேசம்?"

"உங்கட கோழிக்குப் புடிச்ச சனியன் துலைஞ்சிட்டு. இனி அவிழ்த்து விடுங்க. சாப்பிடுங்க மச்சாள்."

அக்கா கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். "புள்ளியா?" என்றாள். மனைவி சொதிச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். "காலையில நான்தானே அதின்ட முட்டைய எடுத்து வெச்சன்" என்றாள். பிறகு பல் நோகுது என்று சொல்லி, சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக் குழைத்து அதை மட்டும் சாப்பிட்டாள். துண்டுகள் கோப்பையின் ஓரத்தில் அப்படியே கிடந்தன.

பின்னேரம் அவளே நாடாவை அவிழ்த்தாள். பொழுது சாய்வதற்குள் எங்கள் செங்கோழி கொத்தத் தொடங்கிவிட்டது. அதுவரைக்கும் புள்ளிக்குப் பின்னால் பூனை போல நடந்தவளுக்கு, பெரியவளின் இடம் காலியானதும் எல்லோருக்கும் தன்னைக் காட்ட வேண்டியிருந்தது போல. வளவு முழுக்கச் சண்டை. எல்லாவற்றிடமும் அடி வாங்கியது அந்த மொட்டைக்கழுத்துத்தான்.

"ஒண்ட அறுத்தா மத்தது வருகுது. என்ட ஒரு கோழி இரிக்கிறதுக்காக உங்கட கூடு முழுக்கக் காலியாகணுமா மச்சாள்?"

அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மனைவியின் முகம் செத்துவிட்டது. விடிந்ததும் அக்கா உடுப்புப் பையைக் கட்டினாள். சுவர் காயவில்லை, கூரைக்கு ஒரு தறப்பாள் விரிப்புத்தான் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னோம். "தறப்பாள் நல்லாத்தான் இரிக்கி தம்பி. நான் நேத்துப் பாத்தன்தானே" என்றாள். மனைவி வாசலில் நின்று அவளுடைய கையை விடாமல் பிடித்திருந்தாள்.

நான்தான் துறைக்குக் கொண்டுபோய் விட்டேன். பாதையில் நின்ற ஒருவர், "என்னக்கா, கோழியும் லீவில வந்திட்டுப் போகுதா?" என்றார்.

"ஓம் மனே. இஞ்சத்தித் தண்ணி ஒத்துக்கொள்ளல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செங்கோழியின் அட்டகாசம் அக்கா போன பிறகும் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒதுங்கி நிற்கிற சாம்பல் பேட்டைப் பிடித்துக்கொண்டது. இனியும் கத்தி எடுக்க மனைவிக்கு மனம் வரவில்லை. ஆத்திரத்தில் செங்கோழியைத் தூக்கி, குஞ்சு மூடுகிற கரப்புக்குள் அடைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தாள். தண்ணீரும் தீனும் உள்ளேயே போயின. வெளியே மற்றவை அது இல்லாமலே மேய்ந்து, தங்களுக்குள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டன. சில நாள் கழித்துக் கரப்பைத் தூக்கியபோது செங்கோழி வெளியே வந்து, சுற்றிவரப் பார்த்து, ஓரமாகப் போய் நின்றது. சாம்பல் பேடு அதற்கு முன்னால் தீன் தின்றது.

மனைவி குசினி வாசலில் நின்று இதைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். "ஒரு கரப்புத்தானா?" பிறகு உள்ளே போய்விட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் அழுகிற சத்தம் வெளியே கேட்டது. கோழியைக் கட்டியவளும் மரியாதைக்குக் கட்டினாள். கத்தியைத் தந்தவளும் மரியாதைக்குத்தான் தந்தாள்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்தாள். "மச்சாள், வழி கண்டு புடிச்சிட்டன். கோழியக் கொண்டு வாங்க. கம்பிவலை அடிச்சுத் தனிக் கூடு வெப்பம். முதல்ல ஒண்டையொண்டு பாத்துப் பழகட்டும்."

"அது இப்ப அடைக்கு இரிக்கி மச்சாள். எழுப்பக் கூடாது."

பிறகு குஞ்சு பொரித்திருக்கிறது என்றாள். குஞ்சுகளோடு பாதையில் எப்படி வருவது என்றாள். குஞ்சுகள் வளர்ந்த பிறகு, இவ்வளவையும் கொண்டுவந்தால் உங்களுக்குக் கரைச்சல் என்றாள். நாங்கள் போகும்போதெல்லாம் முட்டை தந்து விடுவாள். சுவரைத் திருப்பி எழுப்பிவிட்டாள், அதே மண்ணில்.

இந்த மாரிக்கும் கேட்டோம். அவள் போனில் பேசும்போது பின்னால் தறப்பாளில் மழை விழும் சத்தம் மனைவிக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

"வீட்டுக்க ஒழுகுதா மச்சாள்?"

"சேச்சே. கோழியள் எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்திட்டன். அதுகள்தான் சத்தம் போடுதுகள்."