அரையை அழித்து இரண்டு எழுதினேன்

மீள்குடியேறி நறுவிலிக்குளத்துக்கு வந்தபோது எங்களுக்கு ஒரு தகரக் கொட்டிலும் நான்கு கோழிகளும் கிடைத்தன. நான்கு எட்டாகி, எட்டு பதினாறானது. உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது போதும். கரித்துண்டை எடுத்துக் கொட்டில் தகரத்தில் சமன்பாடு எழுதிவிட்டாள். முதலில் நான்கு, பக்கத்தில் பெருக்கும் எண்ணாக இரண்டு, அந்த இரண்டின் தலையில் சின்னதாய், எத்தனை முறை பெருக்குவது என்று காட்டும் ஒரு சுட்டி. இனி வீட்டைச் சுற்றியுள்ள வளவு கொள்ளாது என்றாள். எட்டு வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். முதல் நான்கில் ஒன்றான புள்ளிக் கோழி என்னுடையது என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது.

பிறகு குறையத் தொடங்கியது. ஒரு வாரம் எட்டு, மறுவாரம் நான்கு.

“கீரி பிடிக்குது போல,” என்றார் அம்மா. ஓர் இறகுகூடச் சிந்தாத, நல்ல வளர்ப்புள்ள கீரி.

அக்கா பழையதை அழித்தாள். பதினாறு எழுதி, பக்கத்தில் அரையைப் போட்டுச் சுட்டியை அதன் தலையில் வைத்தாள். பதினாறு பெரிய எண்தானே, பிறகென்ன கவலை என்று கேட்டேன்.

“முன்னுக்கு நிக்கிறதைப் பார்த்து ஏமாறாதை. சுட்டியைத் தூக்கிக்கொண்டு நிக்கிற இலக்கத்தைப் பார். ஒண்டுக்கு மேலை எண்டால் பெருகும், கீழை எண்டால் தேயும்.”

அப்படியானால் கோழிகளைத் தின்பது அந்த அரைதான் என்று விளங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் இரண்டு கோழிகளே மிஞ்சின. என் புள்ளிக் கோழி இல்லை. அழுதுகொண்டே அரையை அழித்து, அந்த இடத்தில் பெரிதாக இரண்டு எழுதினேன்.

“ஆர் இதை மாத்தினது?” என்று அம்மா கேட்டார்.

“நான்தான். கோழியள் திரும்பி வரட்டும் எண்டு.”

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மா தகரத்தைப் பார்த்தார். “அதை அழிக்காதை பிள்ளை. அதுதான் சரி.”

தன் கணக்கைப் பிழையாக்கிவிட்டதாக அக்கா அன்று முழுக்க அம்மாவோடு சண்டை பிடித்தாள்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, வெறுங்கையோடு ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு அம்மா சோடி சோடியாகக் கோழிகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததை, நான் கலியாணம் முடித்த பிறகுதான் அயல்வீட்டு மாமி சொன்னார். ஆனால் கோழிகள் குறைந்த அந்த வருட மாரிக்காலத்துக்குள்ளேயே வழியெங்கும் வளவுக்கு வளவு புள்ளிக் குஞ்சுகள் ஓடித் திரிந்தன. எனக்குப் பொறாமை தாங்கவில்லை. எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் பெருகுகிறதே என்று கடவுளைத் திட்டியபடி, ஒவ்வொரு குஞ்சாக எண்ணிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

எண்ணியதெல்லாம் எங்கள் கோழிகளைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.